போடாத பட்டாணி

கோர்மக்கின் பல்லில் மோதிரம் இடறியது.

ஹாலோவீன் மாலை. மாமியார் பிரீத் சுட்ட திராட்சை ரொட்டி. உள்ளே ஒளித்து வைக்கும் ஒவ்வொன்றுக்கும் மேயோ மாவட்டம் முழுக்க ஒரு அர்த்தம் உண்டு. கந்தைத் துணி வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. மோதிரம் வந்தால் அடுத்த ஹாலோவீனுக்குள் கல்யாணம்.

எதிரே காலி நாற்காலி. அதன் முன்னால் ஒரு தட்டு, ஒரு துண்டு ரொட்டி. இறந்தவர்கள் இன்று வீட்டுக்கு வருவார்கள். இந்த வருஷம் அது ஈஃபாவின் தட்டு. பிரீத்தின் மகள். அவன் மனைவி. ஜூன் மாதம் போனவள்.

அந்தத் தட்டுக்கு எதிரே மோதிரத்தைத் துப்ப முடியாது. பெற்றவள் பார்க்க, முடியவே முடியாது.

"என்ன வந்துச்சு மாப்பிள்ளை?"

மோதிரத்தை நாக்குக்கு அடியில் தள்ளினான்.

"பத்தாணி அத்தை."

"எங்கே, காட்டுங்க."

"முழுங்கித்தேன்."

"நான் பட்டாணியே போடலையே!"

"அப்ப... துணி."

"துணியையா முழுங்கினீங்க?" பிரீத் எழுந்துவிட்டாள். "எவ்வளவு பெருசு?"

"தின்னது."

"தின்னதுதான் தெரியுதே. அளவைக் கேட்டேன்!"

டாக்டருக்குப் போன் செய்ய முன்னறைக்கு ஓடினாள்.

கோர்மக் மோதிரத்தைக் கையில் துப்பினான். பித்தளை. எங்கே ஒளிப்பது? ஈஃபாவின் துண்டில் செருகிவிடலாம். அவளுக்கு மோதிரம் வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவளுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே.

விரலால் ரொட்டியைக் குடைந்தான். உள்ளே ஏதோ தட்டியது.

இன்னொரு மோதிரம்.

முன்னறையில் பிரீத்தின் குரல் கேட்டது. "ஆமா டாக்டர், துணிதான். இல்ல டாக்டர், வீட்டுல சாப்பாடெல்லாம் இருக்கு."

அடுத்த துண்டைப் பிய்த்தான். மோதிரம். அதற்கடுத்ததையும் பிய்த்தான். மோதிரம்.

பிரீத் திரும்பி வந்தபோது மேஜையெல்லாம் ரொட்டித் தூள். நடுவில் நான்கு மோதிரங்கள். ஒரே ஒரு துண்டு மட்டும் பிழைத்திருந்தது.

"எனக்கு வேணாம் அத்தை," என்றான். "சத்தியமா நான் எதையும் நினைக்கல. எனக்கு அவளே போதும்."

பிரீத் ஈஃபாவின் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கை ஏற்றிவிட்டு மாமனார் டோனல் உள்ளே வந்தார். காது சரியாகக் கேட்காதவர். யார் முகத்தையும் பார்க்காமல் மிச்சமிருந்த துண்டை எடுத்துக் கடித்தார். வாயிலிருந்து மோதிரத்தை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா பிரீத், மாப்பிள்ளை எந்தத் துண்டை எடுத்தாலும் மோதிரம்தான் வரணும்னு நம்ம பொண்ணு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தாளே, அது சரி, எனக்குமா இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கச் சொன்னா?"