உங்கள் ஒயினும் என் மூக்கும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

இங்கே நானும், உங்கள் சம்பந்தியம்மாளும், வெகுநாளைக்குப் பிறகு என் மூக்கும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது திராட்சைக் கொடிகளும் அவ்வண்ணமே இருப்பீர்களாக.

முதலில், பிள்ளைகளின் கல்யாண விருந்தன்று நடந்ததற்கு மன்னிப்பு. ஒரு கையில் நீங்களே தயாரித்த ஒயின், மறு கையில் பழத்தட்டு என்று என் எதிரே வந்து நின்றீர்கள். மரியாதைக்கு நாலு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வாய் ஒயின்தான் குடித்தேன். முகம் சிவந்து, தொண்டை கட்டி, பதினான்கு தும்மல் தும்மினேன். பதினான்காவது உங்கள் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "என் ஒயினுக்கு இப்படியும் ஒரு பாராட்டா, சம்பந்தி?" என்று சிரித்தீர்கள். உதடு சிரித்ததே தவிர முகம் சிரிக்கவில்லை. அப்படியும் பெரிய மனசோடு ஆறு வகை ஒயினும், ஒரு பெரிய டப்பா நிறைய, அன்று தட்டில் இருந்த அதே ஆரஞ்சு நிற உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் அனுப்பி வைத்தீர்கள். மூன்று மாதத்துக்கு முன் மருமகள் போனில் சொன்னாள்: "மாமா, நான் பிறந்த அன்னிக்கு அப்பா ஒரு பாட்டில் எடுத்து வெச்சாரு. எனக்குக் குழந்தை பிறந்ததும் அதைத் திறக்கணும்னு அவருக்கு ஆசை. ஆனா நீங்க கூட உட்கார்ந்து குடிச்சாத்தான் திறப்பாராம். இல்லேன்னா அது அப்படியே கிடக்கட்டும்னுட்டாரு." இருபத்தேழு வருஷம் காத்திருந்த பாட்டில் என் மூக்கை நம்பி நிற்கிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் போனேன். இரண்டே கேள்வி கேட்டார். "சார், உங்களுக்கு சல்பைட் ஒத்துக்கலை. ஒயின் கெடாம இருக்கச் சேர்ப்பாங்க, தானாவும் கொஞ்சம் உண்டாகும். உங்களுக்கு லேசாத்தான் இருக்கு. சின்ன வாயா ஒண்ணு, அதுக்கு மேல போகாதீங்க. மூச்சு முட்டினா உடனே ஓடி வாங்க" என்றார். நான் அசந்துபோனேன். முப்பத்துமூன்று வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்து, கம்பியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்னவன் நான். இந்த மனிதர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் என் கோளாறைச் சொல்லிவிட்டாரே!

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அசையக்கூடாது. அதன்படி ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு அதே நாற்காலி, அதே கிளாஸ், அதே சட்டை. வயிறும் ஒரே நிலையில் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே முதலில் உங்கள் டப்பாவிலிருந்து எண்ணி ஐந்து பழம், பிறகு ஒரு வாய் ஒயின். ஒயினை மட்டும் வாராவாரம் மாற்றினேன். சிவப்பு, வெள்ளை, உங்களுடையது, கடையில் வாங்கியது என்று பதினோரு வாரம். கடை பாட்டில் ஒவ்வொன்றின் லேபிளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒன்பது தும்மல், பன்னிரண்டு தும்மல், ஒரு வாரம் கழுத்தெல்லாம் தடிப்பு. "என்னங்க, இது ஒயின் குடிக்கிறதா, தண்டனை அனுபவிக்கிறதா?" என்று உங்கள் சம்பந்தியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மேல் வீட்டுக்காரரோ, "சார், உங்க தும்மல் கேட்டாத்தான் எங்க வீட்டுல காபிக்கு அடுப்பு பத்த வைக்கிறோம்" என்றார்.

கடைசியில் ஒயின் கடைக்காரர் ஒரு சின்ன சொட்டு மருந்து பாட்டிலை நீட்டினார். "ரெண்டு சொட்டு விடுங்க சார், சல்பைட் இருந்த இடம் தெரியாது." போன ஞாயிறு உங்கள் சிவப்பு ஒயினில் விட்டேன். சொட்டு விழுந்தது கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு நுட்பமான மருந்து! பழம் வேறு முந்தின வாரமே தீர்ந்திருந்தது. தைரியத்துக்கு அதுகூட இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். கைக்குட்டையோடு காத்திருந்தேன். தும்மல் இல்லை. மேல் வீட்டுக்காரர் பதறிப்போய் இறங்கி வந்து, "சார், சத்தத்தையே காணோம், உயிரோட இருக்கீங்களா?" என்றார்.

பிறகு இன்னொரு சின்ன வாய் குடித்தேன். சம்பந்தி, இதையா நீங்கள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்? தும்மலுக்கு முந்திய அவசரம் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒயினுக்கு ருசி இருப்பது தெரியாது. முதலில் புளிப்பு, அப்புறம் மழை நனைத்த கல்லின் வாசனை, சர்க்கரை இல்லாத ஓர் இனிப்பு, விழுங்கிய பிறகும் திரும்பி வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது. மண்ணையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் இதைச் செய்ய முடியுமா? எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உங்கள் சம்பந்தியம்மாளும் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

ஆகவே என் விண்ணப்பம். அந்த பாட்டிலைத் திறக்கும்போது, என் கிளாஸில் மட்டும் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நீங்கள் பெற்ற பிள்ளைக்கு நான் பெயர் வைப்பது போல வலிக்கும் என்று தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு உங்கள் கையின் பொறுமையும், என்னுடையதில் மூக்கு நீங்கலாக மற்றதெல்லாமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கைத்திறனுக்குத் தலைவணங்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை உங்கள் சம்பந்தியம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் போய் அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து வந்து மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே இருக்கும் சீல் பிரிக்கப்படவே இல்லை. ஒரு சொட்டும் விழுந்திருக்க வழியில்லை. அடுத்து காலியான பழ டப்பாவையும் என் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்தாள். அடியில் பொடி எழுத்தில், பழத்தின் நிறம் மங்காதிருக்க சல்பைட் சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்தோம். "ஒயினைவிட அதுல பல மடங்கு இருக்குமே சார்!" என்று சிரித்தார். "பதினோரு வாரம் ஒயினை மாத்தி மாத்திக் குடிச்சீங்களே, பழத்தை ஒரு வாரமாவது மாத்தினீங்களா?" என்கிறாள் இவள். சொட்டு மருந்தும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். உங்கள் ஒயின் குற்றமற்றது. பழமும் நீங்கள் அனுப்பியது என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பழத்தட்டை மட்டும் என் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு பாட்டிலைத் திறங்கள். அன்றைக்கும் அந்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள், சம்பந்தி.