இறங்கிய விலையும் ஏறிய ரயிலும்

வாங்கிய பொருளின் விலை பிற்பாடு இறங்கினால், விற்றவன் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆவடி தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஜெயபால் இருபது வருஷமாகக் கட்டிக்காத்த வேதம் இது. போல்ட்டுக்கு மட்டுமல்ல, கேன்டீன் புளிக்குக்கூட இந்த ஷரத்து இல்லாமல் அவர் மேஜையிலிருந்து ஆர்டர் போனதில்லை.

அதனால், ஒரு விமானக் கம்பெனி பம்பாய்க் கட்டணத்தைக் குறைத்துவிட்டது என்று பேப்பரில் பார்த்தபோது அவருக்கு வயிறு எரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது. போன வாரம்தான் அதே கம்பெனியில் அவருக்கும் மனைவி ஹில்டாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். பம்பாயில் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஞானஸ்நானம்.

விமானம் ஹில்டாவின் ஆசை. குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தே அவளுக்குக் கழுத்து நொந்துவிட்டது. ஒரு தடவை மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும் என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். ஹில்டா எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை. ஜெயபாலின் பயமே அதுதான்.

அம்பத்தூரில் டிராவல்ஸ் நடத்தும் பிரகாசம், சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவன். ஜெயபால் அவனுக்கு ஷரத்தை விளக்கினார். அவன் டீ வரவழைத்துக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணே, நீங்க இன்னா டெண்டர் வுட்டா பிளேன்ல ஏறுறீங்க? அந்த ஷரத்தெல்லாம் உங்க பேக்டரி கேட்டுக்குள்ளதான். வித்தது வித்ததுதான்."

"அப்போ என் பணம்?"

"பழைய டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. கம்பெனி புடிச்சுக்கினது போவ மிச்சம் வரும். அதுல புது ரேட்டுக்கு எடுத்தாலும் கொஞ்சம் கையில நிக்கும். ஆனா சீட்டு கொஞ்சந்தான் கீது. சீக்கிரம் சொல்லுங்க."

திரும்பி வருகையில், ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டுவதற்குள் ஜெயபாலுக்கு ஞானம் பிறந்தது. கேன்சல் செய்துவிட்டு, மறுபடி எடுக்காமலே இருந்தால்? பம்பாய்க்கு ரயில் செலவு கொசுறு. மிச்சம் அத்தனையும், அவர் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த திருநின்றவூர் மனைக்கு அட்வான்ஸ். அந்த மனையை ஹில்டா ஒரு மழைக்காலத்தில் பார்த்துவிட்டு, வாத்து வளர்க்க நல்ல இடம் என்று சொல்லியிருந்தாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

சாயங்காலம் ஹில்டா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பழைய டிக்கெட்டை ரத்து செய்து மலிவு விலையில் வாங்கப்போவதாக ஜெயபால் அறிவித்தார்.

"புதுச எடுத்துட்டு அப்புறம் பழச விடக்கூடாதா?"

"ப்ரொசீஜர் அப்படி இல்ல. பழைய ஆர்டர் ரத்தானாத்தான் புது ஆர்டர்."

"அதுக்குள்ள சீட்டு தீந்துட்டா?"

"தீந்தா தீரட்டும். ரயிலு என்ன கொறச்சலா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. ஜன்னல் காற்றைப் பற்றிச் சொன்னார். குண்டக்கல் வடை, மலைக் குகைகளின் இருட்டு, எதிர் பெஞ்சுக்காரர்களின் சிநேகம் என்று வளர்ந்துகொண்டே போனது. கல்யாணமான நாளாய் ரயில் என்றாலே மூட்டைப்பூச்சி என்று வைதுவந்த மனிதர். ஹில்டா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ரயிலுன்னா அவ்ளோ பிடிக்குமா உங்களுக்கு?"

"உயிரு."

ஹில்டா தலையாட்டினாள். ஐயோ பாவம், சூது தெரியாதவள் என்று ஜெயபாலுக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

திங்கட்கிழமை பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்து டிக்கெட்டுகளைக் கேட்டார். ஹில்டா பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுதான் இருந்தது. அதுவும் ரயில் டிக்கெட்.

"சனிக்கிழமையே பிரகாசத்தைப் போய்ப் பாத்துட்டேன். எனக்குப் புதுச எடுத்துட்டுத்தான் பழச விட்டேன். அவரு ஒரு ப்ரொசீஜரும் சொல்லல."

ஜெயபால் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் அது ரயில் டிக்கெட்டாகவே இருந்தது. ஒரே ஒரு விமான சீட்டுத்தான் மிச்சம் இருந்ததா என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டு இருந்திச்சு. நீங்கதான் உயிருன்னீங்களே."

மீதிப் பணம் எங்கே என்று அடுத்துக் கேட்டார். அது பேரனுக்குச் சங்கிலியாகிவிட்டது. தாத்தா வாங்கிக் கொடுத்தது என்று மகளுக்கு எஸ்.டி.டி. போட்டும் சொல்லியாகிவிட்டது. மகள் போனிலேயே அழுதுவிட்டாளாம். இனி அதைத் திருப்ப எந்த ஷரத்தாலும் ஆகாது.

"நீங்க முந்தின நாளே கெளம்பணுங்க," என்றாள் ஹில்டா, பீரோவைப் பூட்டியபடி. "நான் மறுநாள் காலையில. மேலேருந்து குனிஞ்சு பாத்துக்கினே வருவேன். உங்க ரயிலு தெரிஞ்சா கை ஆட்டுறேன்."