இல்லை என்று சொல்ல ஓர் ஆள்

இந்தியாவில் மன்னராட்சி முடிந்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் எழுதியவர்கள், அதற்கு முன் டவாலியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வீட்டில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ராஜா ஒருவர், பணியாள் ஒருவர், மழை வந்தால் ஒழுகும் கூரை ஒன்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ராஜாக்கள், ஜமீன்தார்கள் மேல் காலணா மரியாதை கிடையாது. என் தாத்தா இப்படி ஒரு ஜமீனின் வயலில்தான் நாற்று நட்டார். அரண்மனையின் கேட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆகவே பழம்பெருமை பாட வரவில்லை. டவாலியைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். அவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனி, வெளியூரிலிருந்து வரும் எஞ்சினியர்களைத் தங்கவைக்க ஊத்துக்கோட்டைப் பக்கத்து அந்த அரண்மனையின் முன்பாதியை வாடகைக்கு எடுத்தது. கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்ள என்னை அட்மின் ஆபீசராக அனுப்பினார்கள். பின்பாதியில் ராஜா இருந்தார். எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி, பக்கத்தில் போய்க் கேட்டால் மட்டும் காதில் விழும் குரல். இரண்டு பாதிக்கும் நடுவில் டவாலி. ராஜாவைவிட இரண்டு வயது மூத்தவர். காக்கிச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் தேய்ந்துபோன பித்தளை வில்லை. அந்தப் பட்டைக்குப் பெயர்தான் டவாலி. ஊர் அதையே அவருக்கும் வைத்துவிட்டது. உண்மைப் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"அத்தத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற சார்?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன முதல் நாள், மரியாதைக்கு ராஜாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். டவாலி குறுக்கே கையை நீட்டினார்.

"எந்த ஊரு?"

"திருவள்ளூர்."

"உம்பேரு, உங்கப்பா பேரு, அப்பா பாத்த வேல. மூணும் சொல்லு."

சொன்னேன். என்னை நிற்க வைத்துவிட்டு, பதினெட்டுத் தூண்கள் உள்ள கூடத்துக்குள் போய், நெஞ்சை நிமிர்த்தி, "திருவள்ளூரு ரேசன் கட எடைக்காரு கோவிந்தசாமி மவன் சேகரு வந்துகீறாரு" என்று குரல் எடுத்தார். தூணில் இருந்த புறாக்களெல்லாம் பறந்தன. அந்த வீட்டு வழக்கம் அது. யார் வந்தாலும் அப்பா பெயரும் அப்பா செய்த தொழிலும் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்க தராசுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றவர். அவர் பெயரை அவ்வளவு சத்தமாக, அப்படி ஒரு கூடத்தில், யாரும் சொன்னதில்லை. ராஜா "வாங்க" என்றது கூடக் காதில் விழவில்லை.

ஒரு காலத்தில் அந்த அரண்மனையில் நாற்பது பேர் வேலை செய்தார்களாம். இப்போது நாற்பது பேரும் டவாலிதான். ஆனால் ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடமாட்டார். கேட்டில் நிற்கும்போது காபி கேட்டால், "அது சமையக்கட்டு சமாச்சாரம். உள்ள கேட்டுச் சொல்றேன்" என்று போவார். பத்து நிமிஷம் கழித்து, தோளில் துண்டோடு, காபியோடு வருவார். காபி வாயில் வைக்க முடியாது.

"இன்னாத்த சொல்றது சார்," என்பார், முகத்தைச் சுளித்து. "சமையக்காரன் சரியில்ல. எத்தினி வாட்டி சொன்னாலும் திருந்த மாட்டேன்றான்."

ராஜா ஊத்துக்கோட்டை பேங்குக்குப் போகும் நாள் ஊருக்கே வேடிக்கை. ஷேர் ஆட்டோவிலிருந்து டவாலி முதலில் குதிப்பார். பத்தடி முன்னால், கையை வீசி வழியை விலக்கிக்கொண்டு நடப்பார். பின்னால் ராஜா, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தோடு. ஒருமுறை பேங்கில் டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். "எங்க தொரைக்கே நம்பர் போடறியா நீ?" என்று டவாலி சண்டைக்குப் போய்விட்டார். சிவப்புப் பட்டையைப் பார்த்த கூட்டம், யாரோ ஜட்ஜ் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றது. ஒருவர் தன் நிலத் தகராறை ராஜாவிடம் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். ராஜா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். "உங்க பக்கம்தான் நியாயம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் பிரச்சினை. ராஜாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. எது கேட்டாலும் சரி என்பார். டவாலி கண் ஆபரேஷனுக்காக திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். திரும்பி வந்தபோது அரண்மனையில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் இரண்டு, முழங்கால் வலிக்காரருக்கு நின்ற இடத்திலேயே ஓடிப் பழகுகிற மெஷின் ஒன்று. போதாக்குறைக்கு, ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் மூன்று திருவிழாக் கமிட்டிகளுக்கும் ராஜாவே தலைவர். கட்டுப்போட்ட கண்ணோடு அத்தனையையும் டவாலி ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார். மூன்று கமிட்டிகளும் சேர்ந்து அவரைத் திட்டின. அந்த வருஷம்தான் அவர்கள் ஒற்றுமையாகத் திருவிழா நடத்தினார்கள்.

"தொர நல்ல மன்சன் சார்," என்றார் என்னிடம். "அவரு நல்லவராவே இருக்கணும்னா பக்கத்துல ஒரு கெட்டவன் வோணும். அதுக்குத்தான் நான் கீறேன்."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் எம்.டி. வெளிநாட்டு விருந்தாளிகள் இரண்டு பேரோடு அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வந்தார். எம்.டி. என்றால் ஃபேக்டரியில் ஃபேன் கூட மெதுவாகச் சுற்றும். டவாலி அவரைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஊரு? பேரு? அப்பா பேரு? அப்பா இன்னா வேல?"

நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். டவாலிக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் அதெல்லாம் தெரியாது. எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் கேட்காதபடி ஏதோ முணுமுணுத்தார். அடுத்த நொடி கூடம் அதிர்ந்தது.

"மீஞ்சூரு டிராக்டர் மெக்கானிக்கு முனுசாமி மவன், கும்டிபூண்டி கம்பேனி ஓனரு, வந்துகீறாரு."

விருந்தாளிகள் அர்த்தம் கேட்டார்கள். யாரோ மொழிபெயர்த்துத் தொலைத்தார்கள். அவர்கள் மகிழ்ந்துபோய், தங்கள் அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். ஒருவருடைய அப்பா மீன் விற்றவராம். எல்லோரும் கைதட்டினார்கள். எம்.டி. மட்டும் தட்டவில்லை. ஊரெல்லாம் அவரைப் பரம்பரைத் தொழிலதிபர் என்று நம்பிக்கொண்டிருந்தது.

மறுவாரமே உத்தரவு வந்தது. கம்பெனிக்கு முன்பாதி போதாது, முழு அரண்மனையும் வேண்டும், நீண்ட கால குத்தகைக்கு. சென்னையில் இருக்கும் ராஜாவின் மகன், ஊருக்குச் சின்ன தொரை, உடனே ஒத்துக்கொண்டார். அப்பாவுக்குச் சென்னையில் பதினோராவது மாடியில் ஒரு ஃபிளாட். டவாலிக்கு ஓய்வு. வீடு ராஜாவின் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ராஜாவிடம் கையெழுத்து வாங்குவது பால்காரரிடம் பால் வாங்குவதைவிடச் சுலபம். முதல் வேலையாக, ஓய்வுக் கடிதத்தை டவாலியிடம் கொடுக்கும் புண்ணியம் எனக்கு வாய்த்தது.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"யாரு கையெழுத்துப் போட்டுகீறாங்க?"

"சின்ன தொரை."

"என்னிய வேலைக்கி வெச்சது அவரு பாட்டி, பெரிய ராணியம்மா. வெச்சவங்கதான் எடுக்கணும். வரச் சொல்லு."

"அவங்க செத்துப் போயிட்டாங்களே."

"அப்ப கஷ்டம்தான்," என்று கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, கேட்டுக்கு எண்ணெய் போடப் போனார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சின்ன தொரை பத்திரத்தோடு வந்தார். முதல் வாரம் ராஜா குளித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் குளித்தார். அடுத்த வாரம் பூஜை. அதற்கடுத்த வாரம் டவாலி, "வெறுங்கையில காயிதத்த நீட்றதா? இந்த ஊட்ல வெள்ளித் தட்டுல வெச்சித்தான் குடுக்கணும்" என்றார். சரி, தட்டைக் கொண்டுவா என்றார்கள். "தட்டு தேய்க்கிறவன் லீவு" என்றார் டவாலி. தட்டு தேய்க்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

"இன்னாய்யா பேஜாரு இது," என்று எப்போதும் நாசூக்காகப் பேசும் சின்ன தொரைக்கே எங்கள் பக்கத்துப் பேச்சு வந்துவிட்டது.

அன்று நான் எதற்கோ பின்பக்கம் போனேன். அங்கே குளத்துப் படித்துறையில் ராஜா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் பயந்தார்.

"போயிட்டாங்களா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள், ராஜாவுக்குத் தெரியாமல் டவாலி தடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். நேரே கேட்டுக்குப் போய், ராஜாவே முடியாது என்று சொல்லிவிடலாமே என்று டவாலியிடம் கேட்டேன்.

டவாலிக்குக் கோபம் வந்துவிட்டது. "தொர வாயால இல்லன்னு வர்லாமா? பெத்த புள்ளையாண்ட எப்டி சொல்லுவாரு? அத்தச் சொல்றதுக்கு ஆளு வெச்சிகினு கீறாங்க. அம்பத்தஞ்சி வருசமா அந்த ஆளு நானு."

அடுத்த ஞாயிறு எம்.டி.யும் வந்தார், வக்கீலோடு. நானும் பின்னால், பத்திரத்தைச் சுமந்துகொண்டு. கேட் திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. டவாலி இரண்டு நாளாகக் காய்ச்சலில், கேட்டை ஒட்டிய தன் அறையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சின்ன தொரை முகத்தில் பல்ப் எரிந்தது. செருப்போடு கூடத்துக்குள் நடந்தார்கள். யாரும் யார் அப்பா பெயரையும் சொல்லவில்லை.

எதிரே ராஜா வந்துகொண்டிருந்தார். கையில் சொம்பு, சொம்பில் கஞ்சி.

"நைனா, ரெண்டே நிமிஷம். ஒரு கையெழுத்து," என்றார் மகன்.

"டவாலிக்குக் காய்ச்சல்," என்றார் ராஜா.

"அவனுக்குக் கஞ்சி ஊத்த நீங்கதான் கெடச்சீங்களா? போடுங்க நைனா."

வக்கீல் என் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி நீட்டினார். ராஜா இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாருமில்லை. "சரி" என்று சொல்லத் தோதாக அவர் வாய் குவிவதை நான் பார்த்தேன். ஒரு கையெழுத்தில் இரண்டு கிழவர்களுக்கும் வீடு போகிறது, பத்திரத்தைத் தூக்கி வந்த கை என்னுடையது.

"முடியாது," என்றார் ராஜா, கேட் வரைக்கும் கேட்கும் குரலில்.

சொம்பு சாய்ந்து கஞ்சி விரலில் சிந்தியது. சுட்டிருக்கும். சொம்பை விடவில்லை.

"முடியாதுப்பா. நான் இங்கதான் இருப்பேன். அவனும் இங்கதான் இருப்பான். வழி விடு, கஞ்சி ஆறுது."

எழுபத்தைந்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் "இல்லை". எம்.டி. ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் ராஜா அவரைத் தாண்டி நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

டவாலி எல்லாவற்றையும் அறையிலிருந்து கேட்டிருக்கிறார். நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? கடுங்கோபம்.

"தொர வாயால இல்லன்னு சொல்ட்டீங்களா? அப்ப நான் இன்னாத்துக்கு கீறேன்?"

"தெரியாம வந்துடுச்சு. இனிமே சொல்ல மாட்டேன்," என்றார் ராஜா.

ராஜா நிற்கும்போது பணியாள் படுத்திருக்கக் கூடாது என்று டவாலி எழ முயன்றார். அவர் எழவேண்டாமே என்று ராஜா முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ராஜா தரையில் இருக்க, தான் கட்டிலில் இருப்பதா என்று டவாலி காய்ச்சல் உடம்போடு கீழே இறங்கினார். கடைசியில் இரண்டு பேரும் தரையில், நடுவில் கஞ்சிச் சொம்பு, யார் முதலில் எழுவது என்று தெரியாமல். ராஜாதான் கஞ்சியை டம்ளரில் ஊற்றினார்.

டவாலி ஒரு வாய் குடித்துவிட்டு, "சமையக்காரன் பரவால்லியே," என்றார்.

கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் மீஞ்சூருக்குப் போய்விட்டது. ராஜாவும் டவாலியும் இன்று வரை அங்கேயேதான். எனக்குக் காக்களூர் யூனிட்டுக்கு மாற்றல். காரணம், அன்றைக்கு வெளியே போன எம்.டி. பத்து நிமிஷத்தில், பேசிப் பார்க்கலாம் என்று திரும்பி வந்தார். கேட்டைச் சாத்தி, வெளியே நான் நின்றிருந்தேன்.

"சேகர், கேட்டைத் திற."

"இப்ப பாக்க முடியாது சார்," என்றேன். உள்ளே ஒரு மனிதர் காய்ச்சலில் கிடக்கும்போது, அவர் வேலையை ஒரு நாள் பார்ப்பதற்குக்கூட நமக்கு யோக்கியதை இல்லையா என்ன.