ஸ்கெலட்டன் லைனில் ஒரு மேதையின் மேசை

மேசையைக் குப்பைமேடாக வைத்திருப்பவன் மேதை என்று எவனோ ஒரு சோம்பேறி கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். போன வாரம் என் பேரனின் மேசையைப் பார்த்தேன். தின்ற தட்டு, கழற்றிய சாக்ஸ், கம்ப்யூட்டர், அதன்மேல் இன்னொரு தின்ற தட்டு. கேட்டால், “தாத்தா, படைப்பாளி டேபிள் இப்படித்தான் இருக்கும்” என்கிறான். படைப்பாளியாம்! இந்த வசனத்தை அவன் அப்பன் பிறப்பதற்கு முன்பே, இதைவிடத் திமிராக நான் பேசியாயிற்று. பேசிப் பேசி, என் அப்பாவை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன்.

அறுபதுகளில் நாங்கள் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் லைனில் குடியிருந்தோம். லைன் வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டிலிருந்தே “நூறு” சொல்லலாம். வீடு கம்பெனியுடையது. அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அந்த வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. அப்படிப்பட்ட வீட்டின் ஒரே அறையில் பாதியை என் மேசை பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா நைட் ஷிப்டு முடிந்து வந்து காலை மடக்கிக்கொண்டு தூங்குவார். நீட்டினால் மேசைக்கால் இடிக்கும்.

நான் அப்போது வேலை வெட்டி இல்லாத கலைஞன். லைன் நாடகக் குழுவுக்குப் படுதா எழுதுவேன், வாள், நகை, கிரீடமெல்லாம் செய்து கொடுப்பேன். கூலி, டீயும் பன்னும். (பன்னைக் கேட்டு வாங்க வேண்டும்.) ஆனால் நடை மட்டும் அரண்மனைச் சிற்பி நடை. மேசை, சுரங்கத்துக்கு வெடி வந்த மரப்பெட்டிகளின் பலகையை அடித்துச் செய்தது. அதன்மேல் என்ன இருந்தது என்று கேட்பதைவிட என்ன இல்லை என்று கேட்டால் சீக்கிரம் சொல்லிவிடலாம். காய்ந்த பசை, கண்ணாடிச் சில்லு, கோழி இறகு, ராஜாவின் தாடி, பாதி தின்ற முறுக்கு, எல்லாம் இருந்தன. அம்மா துடைப்பத்தோடு கிட்டே வந்தால் போதும், நான் கத்த ஆரம்பித்துவிடுவேன்.

“தொடாதம்மா! எது எங்க கீதுன்னு கண்ணை மூடிகினு எடுப்பேன். நீ கலைச்சா என் கற்பனையே போயிடும்.”

“ஆமாடா, உன் கற்பனைக்குள்ள எலி குட்டி போட்டுக்கீது. அத்தயும் கண்ணை மூடிகினு எடு, பாக்கலாம்.”

ஒரு முறை அக்காவின் கத்தரிக்கோல் காணாமல் போனது. “உன் மேசையில பாருடா” என்றாள் அக்கா. என் ஒழுங்கையே சந்தேகப்படுகிறாயா என்று தாம்தூம் என்று குதித்தேன். கடைசியில் பழி பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா மேல் விழுந்தது. அம்மாவும் அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குழாயடியில் இருவருடைய குடங்களும் மட்டும் மோதிக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போது புத்த ஜெயந்தி வந்தது. நாங்கள் பௌத்தர்கள். எங்கள் லைனில் அந்த வருடம் சித்தார்த்தன் அரண்மனையை விட்டுத் துறவு போகிற நாடகம் போடுவதாக முடிவானது. துறப்பதற்கு முதலில் கிரீடம் ஒன்று தலையில் இருக்க வேண்டுமே, அது என் பொறுப்பு. பேட்டைக் கடையில் தங்கப் பெயிண்டு டப்பா கிடைக்கும். மேதை போய் அதையெல்லாம் வாங்குவானா? உடைந்த பித்தளைக் குழாயை அரத்தால் ராவினேன். ராவிய தூளை அம்மாவின் இரும்பு உரலில் இடித்தேன். இடித்ததைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி, மஞ்சள் பொடியைத் தனியாக எடுத்தேன். குங்கிலியம் உருக்கி வார்னிஷ் காய்ச்ச ஒரு கரி அடுப்பு, ஒரு ஊதுகுழல். உருக்கியதை ஊற்றி வைக்க, எங்கோ பொறுக்கிய மூசை, அதாவது தட்டார் பொன் உருக்குகிற மண் கிண்ணம். காகிதம் பறக்காமலிருக்க ரோட்டோரத்தில் எடுத்த வெள்ளைக் கல். நடுவில் கறுப்புக் கோடும் அங்கங்கே மினுமினுப்புமாக அழகாக இருக்கும்.

இதைப் படிக்கிற தங்கவயல்காரர்கள் இந்நேரம் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்துக் கல்லைத் திருடிவந்து, வீட்டில் இடித்து, அலசி, உருக்கிப் பொன் எடுக்கிறார்கள் என்று கம்பெனிக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வீட்டில் ஒரு துண்டு கல் அகப்பட்டாலும் வேலை போச்சு, வீடு போச்சு, அதற்கு மேல் ஜெயில். இடிக்கிற உரலும் உருக்குகிற மூசையும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன அர்த்தம் என்று லைனில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான்தான் கற்பனையில் இருந்தேனே!

பட்டப்பகலில் டங்கு டங்கென்று நான் இடித்த சத்தம் யார் காதுக்குப் போனதோ, ஒரு நாள் மத்தியானம் கம்பெனி காவல் இன்ஸ்பெக்டர் இரண்டு காவலாட்களோடு வீட்டுக்குள் நுழைந்தார். கன்னடக்காரர். வாட்டசாட்டமான உடம்பு, எங்கள் வாசற்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடிந்தது. ஷிப்டு முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்த அப்பா, காதில் சோப்பு நுரையோடு ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் பாதி லைன் கூடிவிட்டது.

“யார்தப்பா இந்த டேபிள்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்னுது சார்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. யாரோ பெரிய மனிதர் என் கலையைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். சத்தியமாக நினைத்தேன்.)

“இது இன்னா?”

“மூசை சார். உருக்கறதுக்கு.”

“உரல்?”

“இடிக்கறதுக்கு சார்.”

“ஓஹோ. இந்தக் கல்லு?”

“அது சும்மா, பாக்க நல்லா கீதுன்னு எடுத்தாந்தேன் சார்.”

“அடப்பாவி, வாயை மூடுடா” என்று அம்மா பின்னாலிருந்து முனகினாள். வாயை மூடுகிற ஆளா நான்? தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, தண்ணீருக்கடியில் மஞ்சள் பொடி தகதகவென்று மின்னுவதைக் காட்டினேன். “எப்படி சார் கலரு?” என்று வேறு கேட்டேன்.

இன்ஸ்பெக்டரின் கண் அந்தத் தட்டைவிட்டு நகரவில்லை. கை மட்டும் பின்னால் துழாவி நாற்காலியைப் பிடித்தது, அதன்மேல் கிடந்த பழைய பேப்பர்களைத் தள்ளிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தார். “இந்த வூட்டு ஆளுங்க யாரும் வெளியே போகக் கூடாது” என்றார். காவலாட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சார், இது பித்தளை சார்! டிராமாவுக்குக் கிரீடம் செய்யறேன் சார்!”

“ஹௌதா? அப்படியா? அப்போ கிரீடத்தைக் காட்டு, நோடோணா, பாக்கலாம்.”

இதைவிட நியாயமான கேள்வி உலகத்தில் கிடையாது. கிரீடம் செய்கிறவன் வீட்டில் கிரீடம் இருக்க வேண்டும். அட்டையில் வெட்டி, பொடியை வார்னிஷில் குழைத்து, அன்று காலையில்தான் அதன்மேல் கெட்டியாக அப்பியிருந்தேன். காயட்டும் என்று எங்கோ வைத்தேன். எங்கே? கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதாகச் சவடால் விட்ட மேதை, இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு தேட ஆரம்பித்தான்.

மேசையின் மேல் தேடினேன், கீழே தேடினேன், இழுப்பறையைத் தரையில் கொட்டினேன். எலிக் குடும்பம் ஒன்று ஓடியது. அப்பா வாரக்கணக்கில் தேடிய சவர பிரஷ், தங்க முலாம் பூசிக்கொண்டு விறைப்பாக வந்தது. அடுத்து அக்காவின் கத்தரிக்கோல் வந்தது. வாசல் கூட்டத்திலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

“இன்னாக்கா, நான் திருடின கத்திரிக்கோலு இதுதானா? நல்லா பாத்து சொல்லுக்கா.”

அம்மாவுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. ஒட்டுமொத்த லைனில் காணாமல் போனதெல்லாம் அந்த மேசையிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. கிரீடம் மட்டும் வரவில்லை. வேர்த்து ஊற்ற ஊற்ற, இன்ஸ்பெக்டரின் காலுக்கு நடுவில்கூடக் குனிந்து பார்த்தேன். அவர் ஒரு உதை விடாதது என் அதிர்ஷ்டம்.

“கிரீடமும் இல்லே, மண்ணும் இல்லே” என்றார் அவர். “கதை விடறியா? நட ஸ்டேஷனுக்கு.”

அப்போது அப்பா முன்னால் வந்தார். முதுகிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், அவனை வுட்டுடுங்க. கல்லு நான் கொண்டாந்தது. இடிச்சதும் நான்தான். அவன் ஒண்ணுந் தெரியாத புள்ள. என்னை இட்டுகினு போங்க.”

அக்கா அழ ஆரம்பித்தாள். சுரங்கத்தில் இறங்கிய நாள் முதல் ஒரு கெட்ட பேர் வாங்காத மனுஷன், ஊர் பார்க்கத் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொண்டு நின்றார். “இல்லப்பா, இல்லப்பா” என்று உளறினேன், அழுதேன். அந்த அழுகைக்கு நடுவிலும் இன்னொன்றும் சுருக்கென்று புரிந்தது. கிரீடம் செய்கிறேன் என்று நான் சொன்னதை அப்பா நம்பவேயில்லை. பிள்ளை தங்கம் திருடுகிறான் என்பதைத்தான் நம்பினார். என் கலையின் லட்சணம் அப்படி இருந்திருக்கிறது.

“நீனா?” என்று அதட்டிக்கொண்டே, அப்பாவின் கையைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலியும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து, தொப்பென்று விழுந்தது. அவர் அப்பா பக்கம் திரும்பினார். வாசல் கூட்டத்துக்கு அவருடைய பின்பக்கம் தெரிந்தது.

“ஐயய்யோ! சாரு பின்னாடி பாருங்கடி!” என்றார் செல்லம்மா அக்கா.

காக்கி நிஜாரின் மேல், கபிலவஸ்து இளவரசனின் கிரீடம் அகல விரிந்து ஜொலித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில்தான் காய வைத்திருக்கிறேன், அதன்மேல் நானே பழைய பேப்பரைப் போட்டு மூடியிருக்கிறேன்! என் வார்னிஷ், பசையில்லாத இடத்தில்கூடப் பிடிக்கிற ஜாதி. ஒரு காவலாள் பிடித்து இழுத்தான். அட்டை வந்தது, தங்கம் வரவில்லை.

“அதான் சார்! அதான் சார் கிரீடம்!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் எந்தப் படைப்பையும் அவ்வளவு பெருமையாக நான் அறிமுகப்படுத்தியதில்லை.

லைனே சிரித்தது. காவலாட்கள் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் பின்னால் தடவி, கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் நீளமாகத் திட்டினார். எல்லாம் புரிந்தது, எழுத முடியாது. கல்லை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, பதில் வரும்வரை ஷிப்டுக்கு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சட்டையை வெளியே இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டுதான் போனார்.

அந்தப் பதில் வரும்வரை எங்கள் வீட்டில் யார் தொண்டையிலும் சோறு சரியாக இறங்கவில்லை. வெறும் ரோட்டுக் கல், ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா மறுபடி வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம்தான் அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

“ஏம்ப்பா நான்தான்னு சொன்னே?”

“பின்ன? உன்னை இட்டுகினு போயிட்டா அந்த மேசையை எவன்டா காலி பண்றது? அதுல கை வைக்க எனக்கு பயமாக்கீது.”

அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்த வாரமே மேசையைக் காலி செய்தேன். இன்று என் மேசையில் ஒரு பேனாவும் ஒரு தாளும்தான் இருக்கும். மருமகள் இதை ஒழுக்கம் என்று புகழ்கிறாள். ஒழுக்கமாவது மண்ணாவது, எல்லாம் பயம்.

நாடகமும் நடந்தது. நசுங்கிய கிரீடத்தைச் சித்தார்த்தன் கழற்றி வைத்தபோது, துறவுக் காட்சியென்றும் பார்க்காமல் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அது எங்கே உட்கார்ந்து எழுந்து வந்த கிரீடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை சாவியோ கண்ணாடியோ காணோம் என்றால், “இன்ஸ்பெக்டரை எழுந்திருக்கச் சொல்லு” என்பார்கள். கல்யாண வீட்டில் தாலிச் சரடைத் தேடும்போதுகூட யாரோ சொல்லி, ஐயருக்கு வேலையில்லாத எங்கள் கல்யாணத்தில் புத்தரின் பஞ்சசீலம் சொல்லவந்த பெரியவர் பாதியில் சிரித்துவிட்டார். அதைச் சொல்லி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பாதான்.

அவர் ரிட்டையராகி வெகுகாலம் கழித்து, ஒரு நாள் வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“டேய், இப்ப யாரும் இல்ல. எங்கிட்ட சொல்லலாம். அது நெஜமாவே பித்தளைதானா?”