ரோஷக்காரப் பெட்டி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். ஒரு வீட்டில் ஒரு பெட்டிக்கு ரோஷம் வந்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் நெஞ்சு எங்கேயாவது லேசாகக் கனத்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

"லைட்!"

ஹாலிலிருந்து சத்தம் வந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரியவில்லை.

"லைட்! லைட்டு!"

மிக்ஸி நின்றபோது ஹாலில் நாற்காலி உருளும் சத்தமும், அதன்மேல் ஒரு மனிதர் உருளும் சத்தமும் கேட்டன.

அந்த வீடு அப்படி. ஒரே பெரிய வீடாக இருந்ததை, வாடகைக்கு விடுவதற்காக நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். வைத்தவன் எந்த யோசனையில் வைத்தானோ, ஹாலுக்கான சுவிட்சுகளெல்லாம் சமையலறைப் பக்கம் போய்விட்டன. ஹாலில் இருப்பவருக்குக் காற்று வேண்டுமென்றால் எழுந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் கத்த வேண்டும். அங்கே குடியிருந்தவர் கத்துகிற கட்சி.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். காலையிலிருந்து சாயங்காலம் வரை "பிரேக்! கிளட்ச்! லெஃப்ட்! ஐயோ, லெஃப்ட்!" என்று ஒற்றை வார்த்தையிலேயே பிழைப்பு. வார்த்தை கூடினால் கார் சுவரில் ஏறும். வீட்டுக்கு வந்த பிறகும் நாக்கு அதே கியரில்தான் ஓடும். "தண்ணி! துண்டு! ஃபேன்!"

வாத்தியாரம்மாவுக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. கல்யாணமான புதிதில் அதைப் பாதியாகச் சுருக்கிக் கூப்பிடுவார். பிறகு அது "இந்தா" ஆயிற்று, பிறகு "ஏய்" ஆயிற்று, பிறகு அதுவும் தேய்ந்துபோய் வேண்டிய சாமானின் பெயர் மட்டும் மிஞ்சியது. மகள் இருந்தவரை வீட்டில் பேச்சுச் சத்தத்துக்குக் குறைவில்லை. அவளும் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். புடவை வேண்டாம், நகை வேண்டாம், அந்த மனுஷன் வாயிலிருந்து தனக்கென்று ஒரு முழு வாக்கியம் வந்தால் போதும் என்று வாத்தியாரம்மாவுக்கு ஏக்கம். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டு வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வாத்தியார் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாத்தியாரம்மாவின் அண்ணன் வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜென்ட். வீங்கிய காலைப் பார்த்ததும் அவருக்கு வியாபாரம் தெரிந்தது.

"மாப்பிள்ளை, எந்தக் காலத்துல இருக்கீங்க? எங்க கம்பெனிப் பெட்டி ஒண்ணை மாட்டுங்க. உக்காந்த இடத்துலேருந்து 'லைட்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எரியும். பாட்டுப் பாடும், பதில் பேசும், மழை வருமான்னு சொல்லும்."

"மழை வருதான்னு பாக்க எனக்கு ஜன்னல் இருக்கு மச்சான். இந்த மாதிரிப் பெட்டி நம்ம நாட்டுல செய்யறதில்லையா?"

"நம்ம நாட்டுலயா?" மச்சான் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நம்மாளு செஞ்ச, கொசு அடிக்கற கரண்ட் பேட்டையே நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் தொடறேன்!"

வாத்தியாருக்குச் சுரீரென்று ஏறியது. மறுநாளே உள்நாட்டுக் கம்பெனிப் பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார். சின்னக் கம்பெனி இல்லை. சோப்பு, சிமெண்ட், செருப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாம் விற்கிற கம்பெனி. மனிதன் பிறந்ததிலிருந்து போகிறவரை அவர்கள் கையில்தான்.

மச்சானும் விடவில்லை. "சரி, அடுத்த மாசம் குடும்பத்தோட வர்றேன். உங்க பெட்டி வேலை செஞ்சா என் கடையிலயே அதை வெச்சு விக்கறேன். செய்யலைன்னா கழட்டிக் கடாசிட்டு எங்க பெட்டியை மாட்டுவேன். அப்புறம் நாடு, மானம்னு நீங்க வாயே திறக்கக் கூடாது."

வாத்தியார் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். வெள்ளைப் பெட்டி. நெற்றியில் நம் நாட்டுக் கொடி. பேசாது, பாடாது, காதால் கேட்கிற வேலை மட்டும்தான். அதனால் வாத்தியார் அதற்குக் காதுப்பெட்டி என்று பெயர் வைத்தார். "எதிர்த்துப் பேசாது பாரு, அதுதான் நம்ம பண்பாடு" என்று பெருமை வேறு.

அன்று சாயங்காலம் வாத்தியாரம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் பெட்டியின் எதிரே நிமிர்ந்து நின்றார்.

"லைட்!"

இல்லை.

"லைட்டைப் போடு!"

இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட வந்த காகிதத்தைப் படித்தார். 'முழு வாக்கியமாக, நிதானமாக, கனிவுடன் பேசவும்.' கனிவு என்ற வார்த்தையை, காரில் இதுவரை பார்க்காத ஏதோ ஒரு பாகத்தின் பெயர் மாதிரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"லைட்டைப் போடுப்பா." இல்லை. "போடுங்க சார்." அதுவும் இல்லை. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தயவு செஞ்சு... கொஞ்சம் லைட்டைப் போடும்மா."

பளிச்!

"ஏய்! பாத்தியா? எரியுது!" என்று கூவினார்.

உள்ளே காய் நறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அன்றிலிருந்து பிடித்தது. மறுநாள் "தயவு செஞ்சு" மட்டும் போதவில்லை, "சிரமம் பாக்காம" என்றும் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு தடவை நன்றி சொல்ல மறந்தார். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் ஃபேன் அசையவில்லை. "மறந்துட்டேம்மா, ரொம்ப நன்றி" என்றதும்தான் சுற்றியது.

வாத்தியாருக்குப் புல்லரித்தது. டிரைவிங் ஸ்கூலில் போய் மார்தட்டினார். "வெளிநாட்டுப் பெட்டி காசுக்கு வேலை செய்யுது. நம்ம நாட்டுப் பெட்டி மரியாதைக்கு வேலை செய்யுதுய்யா!"

"மரியாதைக்கு வேலை செய்யறவர் நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் ஸ்கூல் முதலாளி. சம்பளம் ஏற்றாத முதலாளி.

பெட்டியோடு பேசிப் பழகிய வாய் பெட்டியோடு நிற்குமா? புதிதாகக் கார் கற்றுக்கொள்ள வந்த அம்மாள் ஒருத்தி வேகமாகத் திருப்பினாள். வாத்தியார், "சிரமம் பாக்காம, அந்த நடுவுல இருக்கற பிரேக்கைத் தயவு செஞ்சு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் கார் பேப்பர் கடைக்குள் பாதி போயிருந்தது.

"வாத்தியாரே," முதலாளி தலையில் கை வைத்தார், "நீங்க கார் ஓட்டக் கத்துத் தர்றீங்களா, இல்லை கல்யாணப் பத்திரிகை வாசிக்கறீங்களா?"

இதையெல்லாம் வாத்தியாரம்மா மகளிடம் போனில் சொன்னாள். "உங்கப்பா இப்பப் பெட்டியோடதான் குடும்பம் நடத்தறார்டி. காலையில எழுந்ததும் அதுக்குத்தான் முதல்ல சேதி. 'நல்லாத் தூங்கினியாம்மா'ன்னு கேக்கறார்."

"என்னம்மா, பொறாமையா?" மகள் சிரித்தாள்.

"பொறாமை எதுக்கு? கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் வாத்தியாரம்மா. சொல்லும்போது குரல் கொஞ்சம் அடைத்தது. மகள் அதைத் தூரத்து லைனின் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

பேப்பர் கடைக்காரரிடமும் முதலாளியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்ததுமே வெடித்தார்.

"லைட்! ஏய், லைட்! எருமை! உன்னால என் மானமே போச்சு!"

போயே போய்விட்டது. அதற்குப் பிறகு பெட்டி எதற்கும் மசியவில்லை. தயவு, சிரமம், நன்றி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். சமையலறைக்கு நடந்துபோய்த் தானே சுவிட்சைத் தட்டிவிட்டு நடந்து வந்தார். வாத்தியாரம்மா அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றாள். மச்சான் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் லைனில் வந்தாள்.

"பெட்டி உங்க குரலைப் பழகிட்டு இருக்கு சார். கடைசியா அதுகிட்ட எப்படிப் பேசினீங்க?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "எருமைன்னு சொல்லிட்டேம்மா."

"அந்தக் கட்டளை எங்க லிஸ்ட்ல இல்லையே சார். கனிவாப் பேசிப் பாருங்க. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி."

அன்று பொழுது சாய்கிற நேரம். வாத்தியார் லைட் போடாமலே நாற்காலியை இழுத்துப் பெட்டியின் எதிரே போட்டு உட்கார்ந்தார். அதன் நெற்றிக் கொடியில் படிந்த தூசியை விரலால் துடைத்தார்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் பிறகு. "வேலையில கத்திக் கத்தி, வீட்டுல எப்படிப் பேசறதுன்னே எனக்கு மறந்துபோச்சு. பொண்ணு இருந்தப்ப இந்நேரம் வீடே கலகலன்னு இருக்கும். அவ போனதிலேருந்து, ஒரு ஜோடி குறையுதேன்னு வாசல் செருப்பைக்கூட எண்ணிப் பாக்கத் தோணுது. அவளை நெனச்சு வயசான காலத்துல ஒரு ஆம்பளை யார்கிட்ட போய் அழறது? அதான் நீ வந்ததிலேருந்து மனசுல இருக்கறதை உங்கிட்டக் கொட்டிட்டு இருந்தேன். நீயும் பேசாம இருந்துட்டா நான் எங்க போவேன், சொல்லு."

தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். காற்று வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை! "ஏய், இங்க வாயேன், இந்த அதிசயத்தைப் பாரேன்!" என்று கூப்பிட்டார்.

வாத்தியாரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன கண்ணுல?"

"வெங்காயம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் மனைவி மக்களோடு வந்து இறங்கினார். அக்குளில் வெளிநாட்டுப் பெட்டி, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். வாத்தியாரம்மா எல்லாருக்கும் டீ போட உள்ளே போனாள்.

"ஆரம்பிங்க மாப்பிள்ளை. இருட்டிக்கிட்டு வருது."

மச்சான் எதிரில் ஒரு பெட்டியிடம் கொஞ்சவா முடியும்? வாத்தியார் மீசையை நீவிக்கொண்டு, "லைட்டைப் போடு" என்றார், ஆம்பளைக் குரலில்.

இல்லை.

"தயவு செஞ்சு போடு" என்றார் அவசர அவசரமாக, பல்லுக்கு நடுவில்.

இல்லை. மச்சானின் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"மெஷின்னா சொன்னதைச் செய்யணும் மாப்பிள்ளை. இதுகிட்டப் போய் மனுப் போட்டுக்கிட்டு நிக்கறீங்களே! எங்க பெட்டிக்கு ஒத்தை வார்த்தை போதும். இனிமே நீங்க வாயை வீணாக்கவே வேண்டாம்." மச்சான் ஸ்டூலில் ஏறி முதல் ஸ்குரூவைத் திருகத் தொடங்கினார்.

சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் கைதவறி விழுந்து உருண்டது.

"நில்லுங்க மச்சான்!"

வாத்தியார் ஸ்டூலைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"எல்லாரும் பாக்கறாங்களேன்னு வெக்கப்பட்டுட்டேம்மா. பாத்தா பாக்கட்டும். நீ வந்த பிறகுதான் இது வீடு மாதிரி இருக்கு. உன்னைக் கழட்ட விட்டுட்டு அந்த ஒத்தை வார்த்தைக்கே திரும்பிப் போக எனக்கு மனசில்லை. எப்பவும்போல எங்கூடவே இரு. கொஞ்சம் வெளிச்சம் குடும்மா."

ஹால் லைட் எரிந்தது. வாசல் லைட் எரிந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றி மேஜைமேல் இருந்த பேப்பரையெல்லாம் பறக்கவிட்டது. எரியவேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

மச்சான் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். அக்குளில் இருந்த வெளிநாட்டுப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார், சுவரில் இருந்ததை ஒரு தடவை பார்த்தார். "ஒத்துக்கறேன் மாப்பிள்ளை. இந்த மாதிரி உலகத்துல எவனும் செய்யலை."

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம நாடு, மச்சான்!"

அப்போது வாசலில் மணி அடித்தது. கம்பெனிச் சட்டை போட்ட ஃபிட்டர் ஒருவன், கையடக்கமான அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தாமதமாயிருச்சு சார், மன்னிக்கணும். இதுக்குள்ள வைக்கற சாமானெல்லாம் நேத்துதான் வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்து இறங்குச்சு. 'இப்ப வெறும் கூட்டை மட்டும் மாட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் லைட்டை நீங்கதான் போடணும்'னு அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டுத்தான் சார் போனேன்."

உங்கள் வீட்டில் ஒரு நாளும் இருட்டு தங்காமல் இருக்கட்டும், கண்ணுகளா. பேசுகிற வாயும் கேட்கிற காதும் ஒன்றையொன்று தேடாமல், ஒரே கூரையின் கீழ் நிறைந்து வாழட்டும்.