புகார் அக்காவின் கன்னங்கள்

மனித நாகரிகம் கண்டுபிடித்த நிர்வாகக் கருவிகளிலேயே உன்னதமானது எது என்று கேட்டால், சிலர் கோப்பு என்பார்கள். சிலர் ரப்பர் ஸ்டாம்ப் என்பார்கள். இரு சாராரும் விவரம் தெரியாதவர்கள். நகரத் தண்ணீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொடர்ந்து பதினோரு ஆண்டுகளாக ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. அதற்கான சுழற்கேடயம் பதினோரு முறையும் அந்த அலுவலகத்துக்கே வந்தது. வேறெங்கும் சுழலாததால் கடைசியில் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த நகரத்தில் குழாயைத் திறந்தால் காலையில் காற்று வரும், மாலையில் டீ நிறத்தில் ஒரு திரவம் வரும்.

இந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்தவை ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருத்தியின் இரண்டு கன்னங்கள். அது அப்போது யாருக்கும் தெரியாது. கன்னங்களின் சொந்தக்காரிக்கே தெரியாது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் புகார் அக்கா. கண்களின் ஓரம் சரிந்து, கன்னங்கள் தாடையைத் தாண்டி இறங்கி, வாயின் இரு முனைகளும் தரையைப் பார்த்தபடி இருக்கும். அவளுக்குக் கவலை என்று எதுவும் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், நகைச்சுவை கேட்டால் உள்ளே சிரிக்கவும் செய்தாள். ஆனால் சிரிப்பு முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஊர்த் தண்ணீர் போல வழியில் எங்கோ கசிந்துவிடும்.

தையற்காரர் ஒருவர் பழுப்புத் தண்ணீர் பாட்டிலோடு புயல் மாதிரி உள்ளே வருவார். மேசையைத் தட்டக் கையை ஓங்குவார். அவளைப் பார்ப்பார். கை இறங்கும்.

"என்னம்மா, வீட்டுல ஏதாவது...?"

"ஒண்ணும் இல்லங்க. நீங்க சொல்லுங்க."

"இல்ல, பரவாயில்ல. தண்ணிதானே. காய்ச்சிக் குடிச்சுக்கிறோம். நீங்க மனசைத் தளர விடாதீங்க."

பாட்டிலோடு பூனை நடை போட்டுத் திரும்பிப் போவார். எல்லாம் தன் மரியாதையான பேச்சின் மகிமை என்று அவள் நம்பியிருந்தாள். புகார்ப் பதிவேடு மேசை விசிறிக்கு அடியில் உயரத்துக்காக வைக்கப்பட்டிருந்தது.

இந்தச் சூழலில்தான் புதிய இயக்குநர் வந்தார். முப்பத்தெட்டு வயது. வந்த வாரமே 'முகப்புப் பணியாளர் தோற்றப் பொலிவுத் திட்டம்' அறிவித்தார். அதுபற்றி மூன்று மணி நேரக் கூட்டம் நடந்தது. புன்னகையில் பல் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. குழாய் பற்றி ஒருவர் பேச எழுந்தார். அது 'நிகழ்ச்சி நிரலில் இல்லை' என்பதால் உட்காரவைக்கப்பட்டார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகம் நம்ம தொலைநோக்கைப் பிரதிபலிக்கல."

"எனக்குக் கண்ணாடி போட்டாலும் தூரம் சரியாத் தெரியாது சார். முகத்துல எப்படித் தெரியும்?"

"மாசக் கடைசிக்குள்ள ஒரு 'பொலிவு' வரணும். இல்லைன்னா கீழ்த்தளத்துல ஆவண அறை காலியா இருக்கு."

ஆவண அறை காலியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அலுவலகத்தின் சொந்தக் குழாயே அங்கேதான் கசிந்தது. சுவரெல்லாம் பூஞ்சணம். அவளுக்கு வீசிங் உண்டு. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். அந்த ஈரத்தில் மூன்று மாதம் தாங்க மாட்டாள்.

அன்று மாலை கண்ணாடி முன் நின்றுகொண்டு கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக்.

"ஏங்க, என் மூஞ்சி எப்படி இருக்கு?"

"எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான்."

"சும்மா கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி நான் நிறையப் பட்டிருக்கேன்."

அவள் இரண்டு விரலால் கன்னங்களைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்தாள். "இப்ப?"

"இப்ப உன் தங்கச்சி மாதிரி இருக்க."

"நல்லதா, கெட்டதா?"

"அவகூட நான் பேசறதில்லையே."

"ஆபரேஷன் இருக்காம். காதுக்கு முன்னால வெட்டி, இழுத்து, மிச்சத்தை நறுக்கிட்டுத் தைச்சிடுவாங்களாம்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் தொழில் ரீதியாக யோசித்தார். "நாப்பது வருஷம் வண்டி பிரிச்சிருக்கேன். எதைப் பிரிச்சு மாட்டினாலும் ஒரு போல்ட்டு மிஞ்சும். அதை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்க."

டாக்டருக்கு நாற்பது வயதாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். அவருடைய புருவம் பல வருடங்களாக ஓய்வில் இருந்தது. மகிழ்ச்சி, இரக்கம், ஆச்சரியம் மூன்றுக்கும் ஒரே முகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார். நீல மார்க்கரால் அவள் முகத்தில் வீட்டு வரைபடம் போலக் கோடு இழுத்தார்.

"இங்க திறக்கிறோம். இங்க தூக்கறோம். இங்க இழுத்துக் கட்டறோம்."

"வலிக்குமா டாக்டர்?"

"லேசா 'அசௌகரியம்' இருக்கும்."

"அப்புறம் சிரிக்க முடியுமா?"

"தாராளமா. வெளியில தெரியாது, அவ்வளவுதான்."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

டாக்டர் நேர்மையானவர். ஆபரேஷனுக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டாலும், அவசரப்பட வேண்டாம் என்றார். காதோரம் ஒட்டித் தலைமுடிக்கு அடியில் இழுத்துக் கட்டும் கண்ணாடி போன்ற டேப் ஒரு சுருள் கொடுத்தார். "ஒரு நாள் இதை ஒட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க. பிடிச்சிருந்தா வாங்க, தைச்சிடலாம்."

திங்கட்கிழமை அவள் ஒட்டிக்கொண்டு போனாள். கண்ணோரம் மேலே ஏறியிருந்தது, வாயோரம் தானாகச் சிரித்தது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். துணைக்குழு அவளுடைய பற்களைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தது.

முதல் ஆளாக அதே தையற்காரர் வந்தார். கையை ஓங்கினார். அவளைப் பார்த்தார். இந்த முறை கை நேராக மேசையில் வந்து விழுந்தது.

"ஓ, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"ஆமாங்க. சொல்லுங்க."

"சிரிப்பு வேறயா? எங்க தெருவுல ரெண்டு வருஷமா சாக்கடை வருது. உங்களுக்கு சிரிப்பு. எடுங்க அந்த நோட்டை."

அவள் விசிறியைத் தூக்கிப் பதிவேட்டை எடுத்தாள். முதல் பக்கம் பிரியவே மாட்டேன் என்றது. பதினோரு வருடம் ஒட்டிக் கிடந்த பக்கம். தையற்காரர் எழுதி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். புகார் அக்கா நலமாக இருக்கிறாள் என்ற செய்தி தெருத் தெருவாகப் பரவியது. மதியத்துக்குள் இரண்டு பேனா தீர்ந்தது.

மூன்று மணிக்கு வியர்வையில் இடது பக்க டேப் விட்டுக்கொண்டது. அந்தப் பக்கக் கன்னம் மட்டும் பழைய இடத்துக்கு இறங்கியது. வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் நின்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். இடது பக்கம் நின்றவர்கள், "கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்றார்கள். எந்தத் தண்ணீர் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் முட்டாள் இல்லை. அலுவலகம் மூடும் நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், முதல்ல அதைக் கழட்டுங்க."

அவள் மிச்ச டேப்பையும் உரித்தாள். முகம் மொத்தமும் சரிந்து தன் பழைய இருக்கையில் அமர்ந்தது. இயக்குநர் பெருமூச்சு விட்டார். "இதேதான். இதை இப்படியே வச்சுக்கங்க." பிறகு கைப்பட எழுதிய ஆணையைப் படித்தார்: "மேற்படி அலுவலரின் மேற்படி முகம் அலுவலகச் சொத்துப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. முன்னனுமதியின்றி அதனை இழுத்தல், தைத்தல், மகிழ்வித்தல் கூடாது."

"கீழ்த்தளம் சார்?"

"உங்களையா? ஓய்வு பெறுற வரைக்கும் அந்த நாற்காலி உங்களுதுதான்."

அவள் கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "பதினோரு வருஷமா ஜனங்க திரும்பிப் போனது என் பேச்சு மரியாதைக்காகன்னு நினைச்சேன் சார்."

"அதுவும் ஒரு ஓரமா இருந்திருக்கும் மேடம்."

"இன்னிக்கு வந்த எண்பத்தாறு புகார்?"

"நோட்டைக் கீழ்த்தளத்துல வைங்க. தானா நனைஞ்சிடும்."

அவள் பதிவேட்டைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். முப்பத்தொன்பதாவது புகார் அவளுடைய தெருவிலிருந்து. எதிர்வீட்டுக்காரி கூட்டத்தோடு வந்து எழுதிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய சின்ன மகனுக்குத் தண்ணீரால் இரண்டு முறை மஞ்சள் காமாலை. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் எதிரெதிரே பார்த்தும் அவள் இதைச் சொன்னதில்லை. 'உடம்பைப் பார்த்துக்கங்க அக்கா' என்று மட்டும் சொல்வாள்.

மறுநாள் டேப் இல்லாமல் போனாள். விசிறி குட்டையாகவே நின்றது. ஒரு வயதான அம்மாள் குடத்தோடு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தாயி" என்று திரும்பினாள்.

"உட்காருங்கம்மா. என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. இது தோலு. வயசானா இறங்கும். எனக்கு ஒரு குறையும் இல்ல, நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன். உங்க வீட்டுத் தண்ணி என்ன நிறம்?"

அந்த வாரம் நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் பதிவாயின. சுவரிலிருந்து கேடயத்தைக் கழற்ற ஆள் அனுப்பினார்கள். ஆணி துருப்பிடித்திருந்ததால் சுவரில் கொஞ்சமும் கூடவே வந்தது.

சனிக்கிழமை அவள் ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டு மிச்ச டேப்பைத் திருப்பிக் கொடுக்க டாக்டரிடம் போனாள். உள்ளே யாரோ இருந்தார்கள். கதவு சரியாக மூடவில்லை. குரல் பழகிய குரல். இயக்குநருடையது.

"எந்த இடத்துல தூக்கணும் சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"தூக்க வேணாம் டாக்டர். இறக்கணும். கண்ணோரம், கன்னம், வாயோரம் எல்லாம். பார்த்தவுடனே ஜனங்க பரிதாபப்பட்டுத் திரும்பிப் போயிடணும். புகார்ப் பிரிவுல இனி நானே உட்காரப் போறேன்."

டாக்டர் திடுக்கிட்டிருக்க வேண்டும். அதைத் தெரிவிக்க அவரிடம் வசதியில்லை.

"ஏன் சார், அதுக்கு அந்தக் குழாயை மாத்திட்டா போதாதா?"

"குழாயா? தோண்டணும், வெட்டணும், பழசை எடுக்கணும், புதுசை இணைக்கணும். அது பெரிய ஆபரேஷன் டாக்டர். முகம்னா அரை நாள்ல முடிஞ்சிடும்."

வெளியே புகார் அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது. முகம் வழக்கம்போல ஒத்துழைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. எல்லாம் சரியாயிடும்."

புகார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து, பதிவேட்டை மடியில் விரித்தாள்.

"அதிருக்கட்டும். உங்க வீட்டுத் தண்ணி என்ன நிறம்?"