வேப்பமரத்தடியில் இறங்கிய கப்பல்

சினிமாப் பைத்தியங்கள் எத்தனையோ பேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே படத்தை நூறு தடவை போட்டும் ஒரு தடவைகூட இடைவேளையைத் தாண்டாத பைத்தியத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கோவை கணபதியில் எங்கள் மாடி அறைக்குக் கீழே அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ‘நிறுத்துங்க’ அண்ணன்.

படம், வெளிநாட்டில் எடுத்த ஒரு பழைய விண்வெளிப் படம். கம்ப்யூட்டரில் காட்சி செய்யத் தெரியாத காலத்தில் வந்தது. அதில் பறக்கும் கப்பல்கள் எல்லாம் யாரோ உட்கார்ந்து கையால் ஒட்டிச் செய்தவை. அண்ணனுக்குப் பேட்டர்ன் தொழில். இரும்பை வார்க்கும் முன் அதே உருவத்தை மரத்தில் செய்து மண்ணில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். அந்த மர உருவத்தைச் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு முடிந்ததும் மாடி ஏறி வந்து என் லேப்டாப் முன்னால் உட்காருவார். படம் ஓட ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகியிருக்காது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!”

லேப்டாப்புக்கும் ‘ங்க’ போடும் மரியாதை எங்கள் பக்கத்துக்கே உரியது.

“கப்பலுக்கு அடியில பாரு கண்ணு. ஓரத்துல பெயிண்ட் வழிஞ்சு காஞ்சிருக்குது. தொடைக்கறதுக்குள்ள எவனோ டீ குடிக்கக் கூப்புட்டுப்போட்டான்.”

நாங்களும் குனிந்து பார்ப்போம். கடுகளவு ஒரு திட்டு இருக்கும். அதை வைத்து அண்ணன் அந்த வேலைக்காரனின் வயது, கைப்பழக்கம், மேஸ்திரியோடு அவனுக்கு இருந்த தகராறு வரை சொல்லுவார்.

“ஏனுங்ண்ணா, அந்த ஹீரோ கடைசில பொழைச்சானா இல்லயா?” என்று அறைத்தோழன் பிரபு ஒருநாள் கேட்டான்.

“அது எனக்கெப்புடித் தெரியும்? நாம இன்னும் கப்பலோட முன்பக்கத்தயே முடிக்கலயே.”

நான் கம்ப்யூட்டரில் காட்சி செய்கிற ஆள். காந்திபுரத்தில், ஒரு பழைய வீட்டை ஆபீஸாக்கி நடந்துவந்த சின்ன கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. எனக்குச் சுருக்கென்றது. “இன்னைக்கு வர்ற படத்துல கப்பலெல்லாம் இதவிட அழகா இருக்குதுங்ண்ணா” என்றேன்.

“இருக்குது. ஆனா அதுக்கு அக்கட்டப் பக்கம்னு ஒண்ணு இருக்குதா? முன்னால மட்டும் இருந்தா அது பேனருதான கண்ணு?”

இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

அண்ணனுக்கு வாயில் பொய் வராது. அளவு விஷயத்தில் சுத்தமாக வராது. இவருக்குப் பெண் பார்க்கக் காரமடைக்குப் போனார்கள். காபி வந்தது, பலகாரம் வந்தது, பெண்ணும் வந்தது. பெண்ணின் அப்பா சம்பிரதாயத்துக்கு, “ஊடெல்லாம் புடிச்சிருக்குதுங்களா?” என்றார். நம்மவர் எழுந்து போய் நிலைக்கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “மூணு மில்லி சாஞ்சிருக்குதுங்க” என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் காட்டினார். பெண் பார்க்கப் போகிறவன் ரசமட்டத்தோடு போவானா என்று அவருடைய அம்மா இன்றைக்கும் அழுகிறார்.

அப்படிப்பட்டவர் என் வேலைக்குள் வந்தது ஒரு பம்புசெட் விளம்பரத்தால். நிலாவில் ஒரு கப்பல் இறங்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், உள்ளே பம்புசெட் இருக்க வேண்டும். மூன்று தடவை செய்து காட்டினேன். மூன்று தடவையும் பம்பு முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. கப்பல் எறங்குதுங்க. எறங்குன எடத்துல ஒண்ணுமே ஆகலீங்களே? எங்க பம்ப ஒருக்கா தூக்கிப் பாருங்க, இடுப்புப் புடிச்சுக்கும்.”

அவர் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை காலைல திரும்ப வர்றாரு. அன்னைக்கும் வேண்டாம்னுட்டா, சனிக்கிழமை நீ வர வேண்டாம்ப்பா.”

அப்பா உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரிக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன் செய்யும்போதெல்லாம் அப்பா கேட்பார், “இன்னைக்கு என்ன வேல சாமி?”

“கப்பல் செஞ்சேனுங்ப்பா.”

“எங்க இருக்குது?”

“கம்ப்யூட்டருக்குள்ள.”

“செரி, செரி.”

அந்தச் ‘செரி’யில் நம்பிக்கை மட்டும் இருக்காது. அவருடைய வேலை சாயங்காலம் கண்ணெதிரே குவியலாகக் கிடக்கும். நான் படித்த படிப்புக்கு அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை. வேலையும் போய்விட்டால், படித்ததே வீண் என்று ஊர் சொல்லாது. அப்பா மனசுக்குள் நினைத்துக்கொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நெசமாலுமே செஞ்சுபோடலாம், வா” என்றார்.

மர உடம்பு, அதன்மேல் வெட் கிரைண்டர் மூடி, உடைந்த மிக்சி ஜார், மில்லில் கழித்துப் போட்ட நூல் பாபின்கள். நான்கு கால்கள். உள்ளே நிஜப் பம்பு. தண்ணீர்த் தொட்டி மாதிரி உருண்டையாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. சாம்பல் பெயிண்ட் அடித்ததும் அண்ணனின் பட்டறையில் அதைப் பார்க்கப் பயமாகவே இருந்தது. நிலாவுக்கு, இரும்பு வார்க்கும் பவுண்டரியிலிருந்து இரண்டு வண்டி கருமண். அதை ஆபீஸுக்குள் கொட்டி, எலுமிச்சம்பழத்தை மேலிருந்து போட்டுப் போட்டுப் பள்ளங்கள் செய்து, கேமராவில் எடுப்பது என்று திட்டம். எங்கள் ஆபீஸ் வாசல் மூன்றடி அகலம். கப்பல் அதைவிட அரை இஞ்ச் குறைவு என்று அண்ணனே கணக்குப் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குட்டி லாரியில் கொண்டுபோய் இறக்கினோம். வாசலில் மாட்டிக்கொண்டது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தோம். உருண்டைக்கு எந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

அண்ணன் கப்பலை அளந்தார், வாசலை அளந்தார். பிறகு பையிலிருந்த அளவுகோலை எடுத்துப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். அதற்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அடி என்பது நம் அடியைவிடக் கால் இஞ்ச் கூடுதல். வாசலை டேப்பில் அளந்தவர், கை போன போக்கில் கப்பலை அந்த ஸ்கேலில் வெட்டியிருந்தார்.

“கொஞ்ச நேரம் ஆற வெச்சா சுருங்குமாண்ணா?” என்றார் மேனேஜர்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. எனக்கு உடுமலைப்பேட்டை பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பம்பு முதலாளியின் கார் வந்து நின்றது.

“என்னுங்க, வாசல்லயே நிக்குது?”

“உள்ள போகாதுங்க” என்றார் அண்ணன். “தம்பி மேல தப்பில்லீங்க. நாந்தான் சுருக்க ஸ்கேல்ல அளந்துபோட்டேன்.”

முதலாளி அந்த ஸ்கேலை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க பவுண்டரிப் பேட்டர்ன்காரரு மகளுக்கு இதே ஸ்கேல்ல கட்டில் செஞ்சாருங்க. இன்னைக்கும் அது மாட்டுக் கொட்டாய்லதான் கெடக்குது!”

எல்லோரும் சிரித்தோம், அண்ணனைத் தவிர. அவர் அண்ணாந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்வாக வந்து, வேப்பமரம் நின்ற முன்முற்றத்தில் விழுந்திருந்தது.

“உள்ள எதுக்குங்க?” என்றார் மெதுவாக. “நெலாவுல அடிக்கறதும் இதே வெயிலுதானுங்களே?”

முற்றத்திலேயே கருமண்ணைக் கொட்டிப் பள்ளங்கள் போட்டோம். வேப்பமரத்துக் கிளையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் கட்டிக் கப்பலைத் தூக்கினோம். சங்கிலியை இழுக்க முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். “அரை இஞ்ச் எறக்குங்க... ஐயா, மெதுவா, இதென்ன கெணத்து வாளியா?” என்று அண்ணன் அவரையே அதட்டினார்.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்கள் மண்ணைத் தொட்டன. தொட்ட இடம் அமுங்கியது. பக்கத்துப் பள்ளத்தின் விளிம்பு தானாக இடிந்து சரிந்தது. கப்பல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நின்றது. அந்தச் சரிவை யாரும் செய்யச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் நான் சொல்லாமல் ஒரு தூசிகூட எழும்பாது. நான் நினைத்தது மட்டும்தான் வரும். இங்கே நினைக்காததும் வந்தது. அந்தப் பழைய படம் ஏன் இன்னும் கிழடு தட்டவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நினைக்காததில் ஒரு வேப்பம்பழமும் சேர்த்தி. சரியாகக் கப்பலின் உச்சியில் விழுந்தது. அதைக் கம்ப்யூட்டரில் படத்திலிருந்து அழிக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

“இப்ப எடை இருக்குதுங்க” என்றார் முதலாளி. சனிக்கிழமை வேலைக்குப் போனேன்.

விளம்பரம் வந்த பிறகு அப்பா ஒரு சாக்குத் தேங்காயோடு பஸ் ஏறி வந்தார். கப்பல் அண்ணனின் பட்டறையில் நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார்.

“இதுல நீ செஞ்சது எது சாமி?”

“சங்கிலிய அழிச்சேனுங்ப்பா. மரத்த, செவுத்தயெல்லாம் அழிச்சேன். வானத்த...”

“அழிக்கறதுக்கா சம்பளம்?”

அண்ணன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, இந்த முன்னங்கால் உங்க பையன் செஞ்சதுங்க. இக்கட்ட வந்து பாருங்க.”

அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நார் கிழித்த உள்ளங்கையால் மேலிருந்து கீழே வரைக்கும் தடவினார். மறுபடியும் தடவினார்.

“வழவழன்னு செஞ்சிருக்கறயே சாமி” என்றார்.

அந்தக் காலுக்கு உப்புத்தாள் தேய்க்கக்கூட அண்ணன் என்னை விட்டதில்லை.